வைஃபை படுத்துதா? பெரிய ப்ளானுக்கு மாறும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

வீடியோ காலில் இன்டர்வியூ. திரையில் மூன்று பேர். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் நீங்கள் ஆரம்பிக்கிறீர்கள். பாதியில் மூன்று முகங்களும் அப்படியே உறைந்து நிற்கின்றன. பத்து நொடி கழித்து, "ஸாரி, உங்க வாய்ஸ் பிரேக் ஆகுது" என்று குரல் மட்டும் வருகிறது. மொபைலில் வைஃபை சிக்னலைப் பார்த்தால் ஃபுல்லா இருக்கு. போன மாதம்தான் 100 எம்.பி.பி.எஸ் ப்ளானிலிருந்து 200-க்கு மாறினீர்கள். அப்புறம் ஏன் இந்தக் கொடுமை?

இப்படி ஆகும்போது நம்மில் பலர் செய்வது இரண்டு விஷயங்கள். கஸ்டமர் கேருக்கு போன் போட்டுத் திட்டுவது; அதிலும் சரியாகவில்லை என்றால் இன்னும் பெரிய ப்ளானுக்குப் பணம் கட்டுவது. ஆனால், ஃபைபர் கேபிள் உங்கள் வீட்டு ரவுட்டர் வரைக்கும்தான் வருகிறது. அங்கிருந்து உங்கள் கைக்கு டேட்டா வருவது காற்று வழியாக. அந்தக் கடைசி 20, 30 அடியில் இடைஞ்சல் இருந்தால், கேபிளில் எவ்வளவு வேகமாக வந்தும் பிரயோஜனம் இல்லை. மாதா மாதம் காசு கூடுதலாகப் போகும், பஃபரிங் மட்டும் போகாது.

இந்த இடைஞ்சலைத்தான் 'இன்டர்ஃபியரன்ஸ்' என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு மொபைல், கொஞ்சம் பொறுமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை... இவை போதும்.

முதல்ல இதைப் பாருங்க: லைனா, வைஃபையா?

எதையும் மாற்றுவதற்கு முன்னால், பிரச்னை வெளியிலிருந்து வரும் லைனிலா, வீட்டுக்குள் இருக்கும் வைஃபையிலா என்று பிரித்துவிட வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

ஃபைபர் மோடத்தின் முகப்பில் வரிசையாகக் குட்டிக் குட்டி விளக்குகள் இருக்கும். அதில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பில் எரிந்தாலோ, மினுக்கினாலோ, ஃபைபர் வழியாக ஒளியே வரவில்லை என்று அர்த்தம். எங்கேயோ கேபிள் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம். அப்போது வைஃபை செட்டிங்கில் என்ன மாற்றினாலும் பலன் இல்லை. கம்பெனிக்கு கம்ப்ளைன்ட் கொடுப்பதுதான் ஒரே வழி.

சிவப்பு விளக்கு இல்லையா? அடுத்து, நெட் படுத்துகிற அதே நேரத்தில் மூன்று டெஸ்ட் எடுங்கள். வீட்டில் யாராவது படம் டவுன்லோடு செய்துகொண்டிருந்தால், ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

1. லேப்டாப்பை லான் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் செருகி ஸ்பீடு டெஸ்ட்.

2. ரவுட்டரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்று, வைஃபையில் ஸ்பீடு டெஸ்ட்.

3. வழக்கமாகப் படுத்துகிற இடத்தில், அதாவது உங்கள் ரூமில், ஸ்பீடு டெஸ்ட்.

கேபிளிலேயே வேகம் குறைந்தால், தப்பு பெரும்பாலும் லைனில். ஸ்க்ரீன்ஷாட்டை நேரத்தோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ளைன்ட் கொடுக்கும்போது, "வைஃபை தள்ளி இருக்கும் சார்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. கேபிளில் நன்றாக வந்து, ரவுட்டர் பக்கத்திலும் நன்றாக வந்து, ரூமில் மட்டும் குறைந்தால், தூரமும் சுவரும்தான் காரணம். கேபிளில் நன்றாக வந்து, ரவுட்டர் பக்கத்தில் நின்றாலே விட்டு விட்டு வந்தால், அதுதான் இன்டர்ஃபியரன்ஸின் அடையாளம்.

சிக்னல் ஃபுல், ஆனா நெட் வரலை... எப்படி?

கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் நிற்பவர் சத்தமாகத்தான் பேசுகிறார். ஆனால் கெட்டிமேளம் கொட்டும்போது அவர் சொல்வது நமக்குக் கேட்குமா? குரல் பலமாகத்தான் இருக்கிறது. சுற்றியிருக்கும் சத்தம் அதைவிடப் பெரிது. மொபைலில் தெரியும் சிக்னல் கோடுகள் ரவுட்டரின் குரல் எவ்வளவு பலம் என்று மட்டும்தான் சொல்கின்றன. சுற்றி எவ்வளவு இரைச்சல் என்று சொல்வதில்லை.

இவ்வளவு இரைச்சல் எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அட்லான்டிக் சிட்டியில் 1947-ல் நடந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாட்டில், 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையைத் தொழிற்சாலை, மருத்துவம், அறிவியல் கருவிகளுக்கென்று ஒதுக்கினார்கள். மைக்ரோவேவ் அவன் வேலை செய்வது இதே அலைவரிசையில்தான். அமெரிக்கா 1985-ல், லைசென்ஸ் இல்லாமல் தகவல் அனுப்பவும் இதைத் திறந்துவிட்டது. 1997-ல் வைஃபைக்கான முதல் தரநிலை வந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-ல் லைசென்ஸ் விலக்கு கிடைத்தது.

லைசென்ஸ் வேண்டாம் என்றால், இடம் எல்லோருக்கும் பொது. பக்கத்து ஃப்ளாட் ரவுட்டர், ப்ளூடூத் இயர்பட்ஸ், வயர்லெஸ் மவுஸ், ஸ்மார்ட் பல்ப், வைஃபை சி.சி.டி.வி கேமரா, மைக்ரோவேவ் என எல்லாம் ஒரே தெருவில் கடை போட்டிருக்கின்றன. விதிமுறைப்படி இங்கே யாருக்கும் தனிப் பாதுகாப்பு கிடையாது. "என் வைஃபைக்கு இடைஞ்சலா இருக்கு" என்று யாரிடமும் போய்ப் புகார் கொடுக்க முடியாது. நாமேதான் வழி பண்ணிக்கொள்ள வேண்டும்.

குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது கடிகாரம்

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்தில் 64 மீட்டர் அகலமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1969-ல் நிலவில் மனிதன் நடந்த காட்சியை உலகத்துக்கு டிவியில் கொண்டுவந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இந்தத் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது ஒரு விநோத சிக்னல் பதிவானது. விண்வெளியிலிருந்து வருவது போலவே இருக்கும். ஆனால் பூமியிலிருந்துதான் வருகிறது என்பதும் தெரிந்தது. மின்னலா, வேறு ஏதாவதா என்று வருடக்கணக்கில் குழம்பினார்கள்.

2015-ல் எமிலி பெட்ராஃப் என்ற இளம் விஞ்ஞானியின் குழு விடையைக் கண்டுபிடித்தது. அந்த சிக்னல் வந்ததெல்லாம் பகலில், ஆட்கள் வேலையில் இருக்கும் நேரத்தில். அங்கே புதிதாக வைத்திருந்த கண்காணிப்புக் கருவியிலும் அதே நேரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் சத்தம் பதிவாகியிருந்தது. தேடிப்போனால், மைக்ரோவேவ் அவன்! சூடு பண்ணி முடிவதற்குள் யாராவது அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால், அந்த ஒரு கணத்தில் வெளியாகும் அலைதான் அத்தனை பெரிய தொலைநோக்கியை ஏமாற்றியிருக்கிறது.

அவர்கள் செய்ததையே நீங்களும் செய்யலாம். ஒரு வாரம், நெட் கட்டாகும் ஒவ்வொரு முறையும் மொபைல் நோட்ஸில் நேரம், இடம், எந்த டிவைஸ் என்று மூன்றே வார்த்தை எழுதுங்கள். பேட்டர்ன் தானாகத் தெரியும்.

* சாப்பாட்டு நேரத்தில், இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கட்டாகிறது: மைக்ரோவேவ். உடம்புக்கு ஆபத்தில்லாத மிகச் சிறிய கசிவுதான். ஆனால் அவன் பல நூறு வாட்டில் ஓடுகிறது. ரவுட்டரின் சிக்னல் ஒரு வாட்டுக்கும் கீழே. அந்தச் சிறு கசிவே வைஃபையை அமுக்கிவிடும்.

* ராத்திரி 8 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குச் சரியாகிறது: எல்லா வீட்டிலும் எல்லோரும் ஆன்லைனில் இருக்கும் நேரம். அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலாக இருக்கலாம், கம்பெனி லைனின் நெரிசலாகவும் இருக்கலாம். எது என்று லான் கேபிள் டெஸ்ட் சொல்லிவிடும்.

* ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும், அதுவும் ஹார்டு டிஸ்க் செருகினால் மட்டும் படுத்துகிறது: யு.எஸ்.பி 3.0 கேபிள்களிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் வருகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸும் சேர்ந்து தடுமாறினால், சந்தேகமே வேண்டாம். டிஸ்க்கை லேப்டாப்பின் மறுபக்க போர்ட்டில் செருகுங்கள், அல்லது நல்ல தரமான கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

* ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டால் மட்டும் கேம் லேக் அடிக்கிறது: மொபைலின் ப்ளூடூத்தும் 2.4 வைஃபையும் ஒரே அலைவரிசையைப் பங்கு போடுகின்றன. வயர் ஹெட்செட் போட்டு ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள்.

* போன வாரத்திலிருந்துதான் இந்தத் தொல்லை: போன வாரம் வீட்டுக்குப் புதிதாக என்ன வந்தது என்று யோசியுங்கள். கேமரா, குழந்தை ரூம் மானிட்டர், புது ஸ்பீக்கர் என எதுவாகவும் இருக்கலாம்.

சந்தேகப்படும் பொருளை ஆஃப் செய்து டெஸ்ட் எடுங்கள், ஆன் செய்து மறுபடி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். நாலையும் ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாது.

சேனல் மாத்துங்க: 1, 6, 11... வேற எதுவும் வேண்டாம்

2.4 கிகாஹெர்ட்ஸில் நமக்கு 13 சேனல்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டருக்குத் தேவையான அகலமோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றோடொன்று உரசாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே.

"மூணுலயும் ஆள் இருக்காங்க, 3-ஐப் போட்டா காலியா இருக்குமே" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். இன்னொருவர் பேசி முடித்ததும் தன் முறைக்குப் பேசும். வேகம் பங்காகும், ஆனால் ஒழுங்கு இருக்கும். நீங்கள் 3-ல் நின்றால், 1-ல் இருப்பவருக்கும் 6-ல் இருப்பவருக்கும் உங்கள் பேச்சு புரியாத இரைச்சலாகப் போய்ச் சேரும். அவர்களுடையது உங்களுக்கு இரைச்சலாக வரும். மூன்று பேருக்குமே நஷ்டம்.

எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று பார்க்க, ஆண்ட்ராய்டில் 'வைஃபை அனலைசர்' மாதிரியான இலவச ஆப் போதும். லொகேஷன் பர்மிஷன் கேட்கும், கொடுத்தால்தான் வேலை செய்யும். ஐபோன் என்றால் ஆப்பிளின் 'ஏர்போர்ட் யுட்டிலிட்டி' ஆப்பை இறக்கி, போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கான பகுதிக்குப் போய் 'வைஃபை ஸ்கேனர்' என்பதை ஆன் செய்யுங்கள்.

அதில் ஒவ்வொரு வைஃபைக்கும் மைனஸ் எண் ஒன்று தெரியும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். உங்கள் வைஃபை மைனஸ் 50-க்குப் பக்கத்தில் இருந்தால் பிரமாதம். மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் கஷ்டம். பக்கத்து வீட்டு வைஃபைகளுக்கு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மைனஸ் 85-ல் இருக்கும் நாலு பேரைவிட, மைனஸ் 50-ல் இருக்கும் ஒருவர்தான் பெரிய தொல்லை. பலமான ஆட்கள் குறைவாக இருக்கும் சேனலைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றுவது எப்படி? வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று டைப் செய்யுங்கள். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். உள்ளே வயர்லெஸ் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குப் போய், சேனலை 'ஆட்டோ'விலிருந்து நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணுக்கு மாற்றுங்கள். அதே பக்கத்தில் சேனல் அகலம் 40 என்று இருந்தால், 20 ஆக்குங்கள். 40 என்பது கல்யாணப் பந்தியில் ரெண்டு இலையைப் பிடித்து வைப்பது மாதிரி. கூட்டமான இடத்தில் அது சண்டையைத்தான் கூட்டும். சேவ் செய்ததும் எல்லா டிவைஸும் ஒருமுறை கட்டாகித் திரும்ப வரும், பயப்பட வேண்டாம்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுது" என்பதன் ரகசியமும் இங்கேதான். பல ரவுட்டர்கள் ஆட்டோவில் இருக்கும்போது, ஆன் ஆகும் நேரத்தில் மட்டும் சுற்றிப் பார்த்து சேனலைத் தேர்ந்தெடுக்கின்றன. காலையில் காலியாக இருந்த சேனல், ராத்திரி நிரம்பி வழிந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

5 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவுங்க

இப்போது வரும் ரவுட்டர்களில் பெரும்பாலும் இரண்டு வைஃபை இருக்கும். பேருக்குப் பின்னால் '5ஜி' என்று வருவது 5 கிகாஹெர்ட்ஸ். மொபைல் சிம்மின் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தியாவில் 2018-ல் இந்த அலைவரிசையில் லைசென்ஸ் இல்லாத இடம் பெரிதாக விரிந்தது. இங்கே மைக்ரோவேவ் கிடையாது, ப்ளூடூத் கிடையாது, சேனல்களும் அதிகம். இன்டர்வியூ, கேம், வீடியோ கால் எல்லாவற்றையும் இதில் போட்டுவிடுங்கள்.

ஆனால், 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் கொஞ்சம் சோப்ளாங்கி. ஒரு சுவர் ஓகே. ரெண்டு கான்க்ரீட் சுவர் என்றால் திணறும். அதற்காக 2.4-ஐ ஆஃப் செய்துவிடாதீர்கள். ஸ்மார்ட் பல்ப், கேமரா போன்றவற்றில் நிறைய 2.4-ல் மட்டுமே வேலை செய்யும். இரண்டு வைஃபைக்கும் தனித்தனி பேர் வைத்துவிட்டால், எதில் இருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

ரவுட்டரை பீரோ மேல வைக்காதீங்க

வைஃபை அலைக்குப் பிடிக்காத இரண்டு விஷயங்கள் உலோகமும் தண்ணீரும். நம் வீடுகளில் ரவுட்டர் எங்கே இருக்கும்? இரும்பு பீரோவுக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் மேல், மீன் தொட்டி பக்கத்தில், இல்லையென்றால் 'அசிங்கமா இருக்கு' என்று ஷூ ரேக் உள்ளே. பீரோ முழுக்க உலோகம், பெரிய கண்ணாடியின் பின்பக்கம் உலோகப் பூச்சு, மீன் தொட்டி தண்ணீர்ச் சுவர். மூன்றுமே சிக்னலைத் தடுக்கும்.

வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நாலு பக்கமும் திறந்த இடத்தில் வைப்பதே சரி. கிச்சன் சுவரை ஒட்டி வேண்டாம். ஃபைபர்காரர் வாசல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தால், நீளமான லான் கேபிள் வாங்கி, ரவுட்டரை மட்டும் ஹாலுக்குக் கொண்டுவரலாம்.

கையோடு இன்னொன்றையும் பாருங்கள். கம்பெனி கொடுத்த மோடத்திலும் வைஃபை இருக்கும். அதன் பக்கத்திலேயே நீங்கள் தனியாக வாங்கிய ரவுட்டரும் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்றின் வைஃபையை ஆஃப் செய்துவிடுங்கள்.

ரிப்பீட்டர் வாங்கலாமா?

இரைச்சல்தான் பிரச்னை என்றால், ரிப்பீட்டர் அதைக் கூட்டவே செய்யும். ஒரே பேண்ட் உள்ள மலிவு ரிப்பீட்டர், கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. வேகம் பாதிக்குப் பாதியாகும். தூரம்தான் பிரச்னை என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும், சிக்னல் வராத ரூமில் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள். அதைவிட நல்ல வழி, உள் ரூமுக்கு ஒரு லான் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடில் அங்கே வைப்பது. பெரிய வீடு, பட்ஜெட்டும் இருக்கிறது என்றால், மெஷ் ரவுட்டர்.

அபார்ட்மென்ட்ல இருக்கீங்களா? பேசித் தீர்க்கலாம்

எட்டு ஃப்ளாட், எட்டு ரவுட்டர், எல்லாமே ஆட்டோ என்றால், நீங்கள் மாறின சேனலுக்கே நாளை பக்கத்து வீட்டு ரவுட்டரும் வந்து உட்காரலாம். தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங்குக்கும் பேசுகிற அதே வாட்ஸ்அப் குரூப்பில் இதையும் பேசுங்கள். சுவர் ஒட்டிய வீடுகள், நேர் மேல் வீடு, நேர் கீழ் வீடு ஆகியவை வேறு வேறு சேனலில் வருவதுபோல 1, 6, 11-ஐப் பிரித்துக்கொள்ளலாம். எல்லோரும் அகலத்தை 20 ஆக வைத்தால் இன்னும் நல்லது. மாடி வீட்டு அங்கிளுக்கு செட்டிங்ஸ் தெரியாது என்றால், பத்து நிமிடம் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவருக்குச் செய்த உதவி உங்கள் வைஃபைக்கும் செய்த உதவிதான்.

நாளைக்கே இன்டர்வியூவா? அவசரத்துக்கு இது போதும்

* லான் கேபிள் இருந்தால் அதையே செருகுங்கள். காற்றில் வரும் எந்த இடைஞ்சலும் கேபிளைத் தொடாது.

* கேபிள் இல்லையென்றால், ரவுட்டர் இருக்கும் ரூமிலேயே உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள்.

* ப்ளூடூத் வேண்டாம், வயர் இயர்போன் போதும்.

* அந்த ஒரு மணி நேரம் மைக்ரோவேவுக்கு லீவு.

* பேக்கப்பாக மொபைல் டேட்டாவைத் தயாராக வையுங்கள். ஹாட்ஸ்பாட்டும் வைஃபை அலைதான். அதனால் மொபைலை யு.எஸ்.பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து டெதரிங் போடுங்கள்.

இதையெல்லாம் செய்து பார்த்த பிறகும், லான் கேபிளிலேயே வேகம் வரவில்லை என்றால், அப்போது தாராளமாக கஸ்டமர் கேருக்குப் போன் போடலாம். பேசுவதற்குக் கையில் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும்.